தாயைப் பார்க்கப் போன இரண்டு பிள்ளைகள்: குவாரி பேங்க் நூற்பாலை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு

1806ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் மாவட்ட மாஜிஸ்திரேட்டுகள் முன்னிலையில் இரண்டு சிறுவர்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒருவனுக்கு வயது 13, மற்றவனுக்கு 17. செஷயர் மாவட்டத்தில், மான்செஸ்டருக்குத் தெற்கே, ஸ்டையல் என்ற சிற்றூரில் உள்ள குவாரி பேங்க் நூற்பாலையிலிருந்து இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருந்த லண்டனுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். சட்டத்தின் பார்வையில் இது ஓடிப்போன குற்றம். ஆயினும் அவர்கள் சொன்னவை அப்படியே எழுதி வைக்கப்பட்டன. அதனால்தான் ஒரு கிராமத்து ஆலைச் சமூகத்தின் அன்றாட வாழ்க்கை, முதலாளியின் கணக்கேட்டின் வழியாக மட்டும் அல்லாமல், அங்கே வேலை செய்த பிள்ளைகளின் வாய்வழியாகவும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்த வாக்குமூலங்களையும், 30 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆலைப் பிள்ளைகள் தங்கியிருந்த அதே இல்லத்திலிருந்து ஓடிய ஒரு பெண்ணின் நிகழ்வையும் சேர்த்து வைத்து, அவ்வப்போது எடுக்கப்பட்ட முடிவுகளையும் அவற்றின் பின்விளைவுகளையும் இந்த ஆய்வு பார்க்கிறது. பிள்ளைகளின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. இங்கே அவை தேவைப்படவில்லை.

பின்னணி: ஆறும் ஆலையும்

ஆலையை நிறுவியவர் சாமுவேல் கிரெக். 1758இல் பெல்ஃபாஸ்டில் பிறந்து, மான்செஸ்டரில் துணி வணிகம் செய்த தாய்மாமன்மாரிடம் வளர்ந்தவர். 1784இல், போலின் என்ற சிறிய ஆறு பள்ளத்தாக்கில் இறங்கி ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுத்து ஆலையைக் கட்டினார். ஆர்க்ரைட் உருவாக்கிய நீர்விசை நூற்பு எந்திரத்தை ஓட்டத் தண்ணீரின் விசை தேவை. தண்ணீர் விசையுடன் இறங்கும் இடமோ பெரும்பாலும் ஊரைவிட்டு ஒதுங்கியே இருக்கும். அக்கால ஆலைகள் பல நகரத்தில் தோன்றாமல் காட்டோரத்தில் தோன்றியதற்கு இதுவே காரணம். இந்த ஆய்வில் பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேரும் இதுதான்: ஆறு இருந்த இடத்தில் ஆட்கள் இல்லை.

சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் உழவும் கைத்தறியும் செய்துவந்தவர்கள். மணி அடித்ததும் உள்ளே போய், மணி அடித்ததும் வெளியே வரும் வேலைக்கு அவர்கள் எளிதில் இசையவில்லை. ஆகவே கிரெக் வேறு இடத்தில் ஆள் தேடினார். அப்போது இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த உள்ளூர் நிர்வாக வட்டமும், தன் எல்லைக்குள் உள்ள ஏழைகளைத் தானே பராமரிக்கக் கடமைப்பட்டிருந்தது. அநாதைகளும், பெற்றோரால் வளர்க்க முடியாத பிள்ளைகளும் பங்கின் ஏழையர் இல்லங்களில் நிறைந்திருந்தார்கள்; அவர்களுக்கான செலவு ஊர் வரியிலிருந்து போயிற்று. ஆலைக்கு ஆள் தேவை, பங்குக்கோ செலவு குறைய வேண்டும். பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாக ஒப்பந்தம் எழுதி அனுப்பும் ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது. பிள்ளையை ஏற்றுக்கொள்வதற்கு ஆலைக்குப் பங்கே பணமும் துணிமணியும் கொடுத்தது. 1817இல் பிடல்ஃப் என்ற பங்கிலிருந்து குவாரி பேங்குக்கு வந்த ஒரு கடிதம், 9 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்ட பத்துப் பிள்ளைகளையோ அதற்கு மேலோ அனுப்பத் தயார் என்று சொல்கிறது. சந்தையில் சரக்குக்கு விலை கேட்கும் தொனிதான் அதில் இருக்கிறது. எழுதியவர் ஒரு பாதிரியார்.

அவர்களுக்காக 1790 வாக்கில் ஆலையிலிருந்து சற்று மேட்டில் ஓர் இல்லம் கட்டப்பட்டது. சுமார் 90 பிள்ளைகள் வரை அதில் இருந்தார்கள்; பெண் பிள்ளைகளே அதிகம். மேற்பார்வைக்கு ஒரு தம்பதி அமர்த்தப்பட்டார்கள். பிள்ளைகளுக்குச் சோறு, துணி, படுக்கை கொடுக்கப்பட்டன, கூலி கிடையாது. நட்ஸ்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த பீட்டர் ஹாலண்ட் என்ற மருத்துவர் பிள்ளைகளைப் பார்த்து வருவதற்காக நியமிக்கப்பட்டிருந்தார். ஓர் ஆலை தனக்கென்று மருத்துவரை வைத்துக்கொண்டதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். சாமுவேல் கிரெக்கின் மனைவி ஹன்னா, யூனிடேரியன் சமயப் பிரிவைச் சேர்ந்த, படித்த குடும்பத்துப் பெண்மணி. பிள்ளைகளின் கல்வியிலும் நலத்திலும் அக்கறை காட்டினார். இதே குடும்பத்துக்குக் கரீபியன் தீவான டொமினிகாவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருணையுள்ள முதலாளி என்ற பெயரை இந்த ஆய்வு மறுக்கவில்லை. அந்தக் கருணை எதுவரை சென்றது என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

அப்போது நடைமுறையில் இருந்த சட்டம்

சிறுவர்கள் ஓடுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1802இல், ஆலைப் பழகுநர்களின் உடல்நலத்துக்கும் ஒழுக்கத்துக்குமான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. கொண்டுவந்தவர் மூத்த ராபர்ட் பீல். அவரும் ஆலை முதலாளி. உணவு நேரம் நீங்கலாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் பழகுநர்களை வேலை வாங்கக் கூடாது. ஆணும் பெண்ணும் தனித்தனி அறைகளில் படுக்க வேண்டும். ஒரு படுக்கையில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. முதல் நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு வேலை நாளிலும், வேலை நேரத்துக்குள்ளேயே, எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. மேற்பார்வையிட வேண்டியவர்கள், அந்தந்த வட்டார மாஜிஸ்திரேட்டுகள் தேர்ந்தெடுத்த ஒரு நீதிபதியும் ஒரு பாதிரியாரும். ஆலை முதலாளியோடு ஒரே மேசையில் விருந்து உண்பவர்களாகவே அவர்கள் பெரும்பாலும் இருந்தார்கள். மீறினால் அபராதம் 2 முதல் 5 பவுண்டு. சட்டம் பெரிய அளவில் செயல்படாமல் போனதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இளையவனின் நிலை

இளையவன் லண்டனை ஒட்டிய ஹாக்னியின் ஏழையர் இல்லத்திலிருந்து வந்தவன். இரண்டு நூற்பு எந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒவ்வொன்றும் 50 இழைகள் அளவில் நூற்றது. இழை அறுந்தால் பிணைக்க வேண்டும், பஞ்சு குறைந்தால் வைக்க வேண்டும், இழைகளை முறுக்கும் பகுதிக்கு ஒழுங்காகச் செலுத்த வேண்டும். அப்படி வேலை செய்துகொண்டிருந்தபோது அவனுடைய இடக்கை ஆள்காட்டி விரல் எந்திரச் சக்கரத்தில் சிக்கி அறுந்து போயிற்று. ஆலை மருத்துவர் சிகிச்சை செய்தார். ஆறு வாரங்களில் குணமாயிற்று. அந்த நாட்களில்தான் அவனுக்குத் தன் தாயைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

வாக்குமூலத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. விரல் போனதற்கு யாரையும் அவன் பழிக்கவில்லை; மருத்துவம் கிடைத்தது என்பதையே சொல்கிறான். எந்திரத்தில் காயம் பட்ட பிள்ளைக்கு ஆறு வாரங்கள் மருத்துவம் பார்த்தது அக்கால அளவில் நல்ல கவனிப்புதான். ஆனால் அந்த ஆறு வாரங்களுக்குள் தாயைப் பற்றி அவனிடம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. அவளுக்கு ஒரு செய்தி அனுப்பலாம் என்பது அந்த ஏற்பாட்டில் எங்கும் இடம் பெறவே இல்லை. இல்லத்தின் கடமைகள் உணவு, உடை, படுக்கை, மருந்து, வழிபாடு என்று வகுக்கப்பட்டிருந்தன. தாய் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தாள். அவனை ஒப்பந்தத்தில் அனுப்பிய பங்கும் அவளை அப்படித்தான் கணக்கிட்டிருந்தது.

மூத்தவனின் நிலை

17 வயதுக்காரனின் வாக்குமூலம்தான் இந்த நிகழ்வில் மிகவும் ஆழமானது. அவன் முதலில் நூல் நிறைந்த பாபின்களை, அதாவது நூல் சுற்றும் கட்டைகளை, எடுத்துவிட்டு வெற்றுப் பாபின்களைப் பொருத்தும் வேலையில் இருந்தான். நம் ஆலைகளில் டாஃபர் என்று சொல்வார்களே, அந்த வேலை. பிறகு சக்கரங்களைச் சுழற்றும் தோல் பட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு உயர்ந்தான். காலையில் எந்திரங்களுக்கு எண்ணெய் விடுவதும், பட்டை அறுந்தால் தைப்பதும் அவன் கையில் இருந்தன. அந்த வேலை தனக்குப் பிடித்திருந்தது என்று அவனே சொல்கிறான்.

பிடிக்காதது ஒன்று இருந்தது. ஒவ்வொரு இரவும் ஓவர்டைம் செய்ய வேண்டியிருந்தது. அவனுக்கோ புத்தகம் படிக்க ஆசை. இல்லத்தில் இரவுதோறும் பள்ளி நடந்தது. ஒரு நேரத்தில் எட்டுப் பேர் வீதம், முறை வைத்துப் பிள்ளைகள் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்து வாரத்துக்கு இரண்டு முறைதான் அவனுக்குக் கிடைத்தது. இன்னும் அடிக்கடி போக விரும்பினான். மேற்பார்வையாளர் விடவில்லை. ஆலை நின்ற பிறகும் விடவில்லை, ஏனென்றால் ஆலை நின்ற நேரம்தான் பட்டைகளைத் தைக்க வேண்டிய நேரம், பட்டைகளைத் தைப்பவன் எப்போதும் அவன்தான்.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்க்கலாம். இல்லத்தில் 42 ஆண் பிள்ளைகள் இருந்ததாக அவன் சொல்கிறான். பெண்கள் அதைவிட அதிகம். இரவுக்கு எட்டுப் பேர் என்றால், 42 பேரும் ஒரு சுற்று வருவதற்கு ஐந்து இரவுகளுக்கு மேல் ஆகும். ஆகவே இல்லத்தில் நாள்தோறும் பள்ளி நடக்கிறது என்பதும் உண்மை. ஒரு பிள்ளைக்கு வார நாட்களில் ஒரே ஒரு முறைதான் பள்ளி என்பதும் உண்மை. மேற்பார்வைக்கு வருபவர் எந்த இரவில் வந்தாலும் பள்ளி நடப்பதைக் காண்பார்; இல்லத்தைப் பற்றி அவர் எழுதும் குறிப்பில் பொய் எதுவும் இராது. படிக்க விரும்பிய பிள்ளையின் நிலை மட்டும் அந்தக் குறிப்பில் வராது.

மாஜிஸ்திரேட்டுகள் என்ன அறிந்துகொண்டார்கள்

இரண்டு வாக்குமூலங்களிலும் தகவல்கள் ஒரே வரிசையில் வருவதால், எந்தக் கேள்விகள் கேட்கப்பட்டன என்பதை ஊகிக்க முடிகிறது: வேலை நேரம், உணவு, படுக்கை, உடை, தூய்மை, தேவாலயம். ஏறத்தாழ 1802ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளே கேள்விகளாக மாறியிருக்கின்றன.

பதில்கள் ஆலைக்குச் சாதகமாகவே இருந்தன. அறைகள் தூய்மையானவை, தரை அடிக்கடி கழுவப்பட்டது, அறைகளுக்கு நாள்தோறும் காற்றோட்டம் விடப்பட்டது. படுக்கைக்கு இரண்டு பேர். மாதம் ஒரு முறை துவைத்த விரிப்பு. ஞாயிறுதோறும் துவைத்த சட்டை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமைக்கான புத்தாடை. ஞாயிறு மதியம் வேகவைத்த பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும். பருவத்துக்கு ஏற்பப் பட்டாணி, முட்டைக்கோஸ், டர்னிப். மற்ற நாட்களில் பாலும் ரொட்டியும், பாலும் உருளைக்கிழங்கும், கெட்டிக் கஞ்சி, சில நாள் உப்பிட்ட இறைச்சி. வெள்ளிக்கிழமை, இறைச்சியும் கிழங்கும் சேர்த்து வேகவைக்கும் லாப்ஸ்கவுஸ். குடிக்கத் தண்ணீர் மட்டும், நோயுற்றால் தேநீர். வயிறு நிறையக் கிடைத்தது என்கிறார்கள். ஏழையர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் இப்படிச் சொல்வதை ஐயப்படக் காரணமில்லை; அன்றைய உழவுத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்துக்கு வாரந்தோறும் இந்த அளவு இறைச்சி கிடைத்திருக்குமா என்பதே கேள்விக்குரியது.

வேலை நேரத்தில்தான் உறுத்தல். கோடையானாலும் குளிர்காலமானாலும் காலை 6 முதல் மாலை 7 வரை வேலை. காலை உணவுக்கு 10 நிமிடம். அது ஆலைக்கே கொண்டுவரப்பட்டது, அந்த 10 நிமிடத்தையும் இரவில் ஈடுகட்ட வேண்டும். மதிய உணவுக்கு அரை மணி நேரம். வாரத்தில் இரண்டு நாட்கள், எந்திரங்களுக்கு எண்ணெய் விடுவதற்காக, ஒரு மணி நேரம். இளையவன் அந்த ஒரு மணி நேரத்தில் எண்ணெய் விட்டு, முறைக்கு அரைப் பென்னி வாங்கியிருக்கிறான். ஓவர்டைம் செய்தால் மணிக்கு ஒரு பென்னி. கூட்டிப் பார்த்தால், சாதாரண நாளில் வேலை பன்னிரண்டரை மணி நேரம். எண்ணெய் விடும் நாட்களில் மட்டுமே, அதுவும் எண்ணெய் விடாத பிள்ளைக்கு மட்டுமே, சரியாக 12. இதற்கு மேல் ஓவர்டைம். சட்டத்தின் எல்லை 12 என்று முன்பே சொன்னோம். அதாவது ஓவர்டைமுக்குப் பணம் கொடுத்த செயலே, எல்லையைத் தாண்டினோம் என்பதற்கு ஆலை தானாக எழுதிக்கொடுத்த சான்று. அந்தப் பென்னிகளும் முழுதாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. கண்ணாடியை உடைத்தால், தோட்டத்தில் ஆப்பிள் திருடினால், அபராதம் அவற்றிலிருந்தே பிடிக்கப்பட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நடத்தப்பட்ட விதம் பற்றிக் குறை எதுவும் இல்லை, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன் என்ற பொருளில் பேச்சை முடிக்கிறார்கள். கேள்விப் பட்டியலில் இல்லாத ஒரு பதில் அது.

எடுக்கப்பட்ட முடிவும் அதன் காரணமும்

சிறுவர்கள் குவாரி பேங்குக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அக்காலச் சூழலில் வைத்துப் பார்த்தால் இந்த முடிவு புரியாதது அல்ல. ஒப்பந்தம் செல்லுபடியாக இருந்தது. கொடுமை நடந்ததாக அவர்களே சொல்லவில்லை. லண்டனில் அவர்களுக்குக் காத்திருந்தது மீண்டும் ஏழையர் இல்லம்தான். வேறு ஆலைகளில் பிள்ளைகள் அடிக்கப்பட்ட செய்திகளும், இரவு முழுவதும் வேலை வாங்கப்பட்ட செய்திகளும் வந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றோடு ஒப்பிட்டால், விடிய விடிய வேலை இல்லை, வயிறு நிறையச் சோறு என்று சொல்லப்பட்ட ஓர் ஆலைக்கு அனுப்புவது பாதுகாப்பான முடிவாகத் தோன்றியிருக்கும்.

ஆயினும் மாஜிஸ்திரேட்டுகள் கையில் அப்போதே இருந்த இரண்டு செய்திகள் பயன்படுத்தப்படவில்லை. ஒன்று, மேலே சொன்ன வேலை நேரக் கணக்கு. மற்றொன்று, கற்பித்தல் வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்க, பள்ளி இரவில் நடந்தது என்ற செய்தி. இவை மறைக்கப்பட்டவை அல்ல, எழுதி வைக்கப்பட்டவை. ஆலை நல்ல ஆலை என்று பெயர் பெற்றிருந்ததும், பிள்ளைகள் குறை சொல்லாததும் சேர்ந்து, கண்முன் இருந்த எண்களைக் கூட்டிப் பார்க்கவிடாமல் செய்துவிட்டன என்பதே இதை எழுதுபவரின் கணிப்பு.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்

இடைப்பட்ட காலத்தில் ஆலை வளர்ந்தது. 1810களின் முடிவில் 32 அடி விட்டமுள்ள பெரிய இரும்புத் தண்ணீர்ச் சக்கரம் பொருத்தப்பட்டது. 1820களில் தொழிலாளர் குடும்பங்களுக்குச் செங்கல் வீடுகளும், பள்ளியும், கடையும், 1823இல் நார்க்ளிஃப் சிற்றாலயமும் எழுந்தன. இல்லப் பிள்ளைகளை மட்டும் நம்பி இருந்த ஆலை, மெல்ல மெல்லக் குடும்பங்கள் வாழும் ஊரானது.

1836 ஆகஸ்டில், லிவர்பூல் ஏழையர் இல்லத்திலிருந்து வந்து மூன்று ஆண்டுகளாக அங்கே வேலை செய்த ஒரு பெண், தோழி ஒருத்தியுடன் ஓடிப்போனாள். சில நாட்களில் அவள் மட்டும் திரும்பி வந்தாள். நிர்வாகம் அப்போது சாமுவேலின் மகன் ராபர்ட் ஹைட் கிரெக்கின் கையில் இருந்தது. அவளை இல்லத்தின் ஓர் அறையில் தனியே பூட்டி வைப்பதென்று முடிவாயிற்று. தப்பாமலும் வெளியில் யாரோடும் பேசாமலும் இருக்க, சன்னலுக்குப் பலகை அடித்தார்கள். உணவாகப் பாலும் ரொட்டியும் போன்ற எளியவை கொடுத்தார்கள். அந்த நாட்களிலேயே இல்லத்தின் மேற்பார்வையாளரான பெண்மணி இறந்துபோனார். உடல் அதே வீட்டில் கிடத்தப்பட்டிருந்தது. பூட்டிய அறைக்குள் இருந்த பெண் அஞ்சி நடுங்கினாள்.

இந்தத் தண்டனையை யாரும் கோபத்தில் எடுத்த முடிவாகச் சொல்ல முடியாது. பெண் பிள்ளைகளின் கூந்தலை வெட்டிவிடுவதாக மிரட்டுவதும் அங்கே வழக்கத்தில் இருந்தது. அடிப்பது, சிறைக்கு அனுப்புவது ஆகியவற்றைவிட மென்மையானது என்று நினைத்தே தனியறைக்குப் போயிருக்கிறார்கள். தொழிற்சாலைச் சட்டங்கள் மீது பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் கடும் விவாதம் நடந்த நேரம் அது. ஆலை முதலாளிகளின் பக்கம் நின்று வாதிட்டவர்களில் ராபர்ட் ஹைட் கிரெக்கும் ஒருவர். தன் வீட்டு நிகழ்வு எதிர்ப்பக்கத்தின் கையில் ஆயுதமாகும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்தப் பெண் செய்த மற்றொரு காரியம் இதைவிட முக்கியமானது. ஒப்பந்தப் பத்திரத்தில் தன் வயதைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று அவள் வாதாடினாள். வயது குறைவாக இருந்தால் விடுதலை பெறும் ஆண்டு தள்ளிப்போகும். அதுவரை கூலியும் இல்லை. அவளது திருமுழுக்குப் பதிவின் நகல் அவள் சொன்னதை உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் பிறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1ஆம் தேதிதான். அதற்கு முன் பிறந்த ஏழைப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு தேவாலயத்தின் ஏட்டில் இருக்கும் ஒரு வரியே வயதுச் சான்று. 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுக்குக் கீழ் வேலை கூடாது என்றும், 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் குறைந்த நேரம் என்றும் வகுத்தபோதும், வயதை மருத்துவர்கள் தோற்றத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியைத் தேடிப் பிடிக்கும் வேலையைப் பங்கும் செய்யவில்லை, ஆலையும் செய்யவில்லை. வயது விவரம் தெரிந்தால் நட்டம் யாருக்கோ, அவர்களிடமே அந்த விவரத்தை எழுதும் பொறுப்பு இருந்தது.

பின்விளைவு

1847இல் குவாரி பேங்கில் பழகுநர் முறை முடிவுக்கு வந்தது. பிள்ளைகள் ஓடியது இதற்குக் காரணம் என்று சொல்வது மிகையாகும், கணக்குத்தான் காரணம். பிள்ளைக்குச் சோறும் துணியும் மருந்தும் மேற்பார்வையும் கொடுப்பதைவிட, ஊருக்குள் வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்குக் கூலி கொடுப்பது மலிவாயிற்று. இதற்கான அடித்தளத்தை ராபர்ட் ஹைட் கிரெக்கே போட்டிருந்தார். 1834 செப்டம்பரில் அவர், ஏழையர் சட்ட ஆணையத்தின் செயலாளர் எட்வின் சாட்விக்குக்கு எழுதிய கடிதத்தில், தென் மாவட்டங்களில் வேலையின்றி இருக்கும் குடும்பங்களை வடக்கே உள்ள ஆலைகளுக்குக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார். அடுத்த ஆண்டு பக்கிங்ஹாம்ஷயரின் பிளட்லோ ஊரிலிருந்து குடும்பங்கள் ஸ்டையலுக்கு வந்து இறங்கின. வேலைக்குப் போகும் வயதில் பல பிள்ளைகள் உள்ள குடும்பங்களைத்தான் ஆலை விரும்பியது. ஆலைக்குப் பிள்ளைகள் தேவை என்பதில் மாற்றமில்லை. அவர்கள் இப்போது தாயோடு வந்தார்கள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆலைக் கடை 1873இல் தொழிலாளர் கூட்டுறவுக் கடையானது. 1904இல் தண்ணீர்ச் சக்கரத்தின் இடத்தில் டர்பைன்கள் வந்தன. 1939இல் கிரெக் குடும்பம் ஆலையையும் ஊரையும், பழைய கட்டடங்களையும் இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தது. 1959இல் ஆலையின் வணிக உற்பத்தி நின்றது. பழகுநர் இல்லம் இன்று பார்வையாளர்களுக்காகத் திறந்திருக்கிறது.

வேறு எவற்றைச் செய்திருக்கலாம்

இந்த நிகழ்வைப் படிக்கும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும், விடுதிகளை ஆய்வு செய்யும் பணியில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டிய இடம் கேள்விப் பட்டியல் என்றே இதை எழுதுபவருக்குத் தோன்றுகிறது. மாஜிஸ்திரேட்டுகள் நேர்மையாகக் கேட்டார்கள், நேர்மையாக எழுதிக்கொண்டார்கள்; ஆனால் அவர்களின் கேள்விகள் எல்லாம் இல்லத்தைப் பற்றியவை. இல்லத்தில் பள்ளி உண்டா என்பதற்குப் பதிலாக, இந்தப் பையன் சென்ற வாரம் எத்தனை முறை பள்ளிக்குப் போனான் என்று கேட்டிருந்தால், இரவுக்கு எட்டுப் பேர் என்ற கணக்கு அன்றே வெளிவந்திருக்கும். படுக்கை விரிப்பு மாதம் எத்தனை முறை மாற்றப்படுகிறது என்று அறிந்தவர்கள், வீட்டுக்குச் செய்தி எத்தனை முறை போகிறது என்றும் அறிந்திருக்கலாம்.

வயதுக்கான சான்றை ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே பங்கின் ஏட்டிலிருந்து எடுத்து இணைத்திருக்க முடியும். பிள்ளையை அனுப்பியதே தேவாலயத்தைச் சார்ந்த நிர்வாகம்தானே. ஏடு அவர்கள் அலமாரியில் இருந்தது. அப்படி ஒரு நகலை அந்தப் பெண்ணின் கையிலும் கொடுத்திருந்தால், 1836இல் அவள் வயதைப் பற்றி வாதாட வேண்டியே வந்திராது. மேற்பார்வையாளர்களை ஆலையின் சுற்றுவட்டாரத்திலிருந்து தேர்ந்தெடுத்ததும் தவறு; 1833க்குப் பிறகு சம்பளம் பெறும் ஆய்வாளர்கள் வெளியிலிருந்து நியமிக்கப்பட்டபோது அந்தக் குறை ஓரளவு நீங்கியது.

கைவிரலை இழந்த 13 வயதுப் பிள்ளைக்கு, குணமாகும் ஆறு வாரங்களில், தாயிடம் போய்வர அனுமதியும் வண்டிக் கூலியும் கொடுப்பது ஆலைக்குப் பெரிய செலவாக இருந்திராது. அவனால் அந்த நாட்களில் எந்திரத்தைப் பார்க்கவும் முடியாது. ஒப்பந்தத்தில் இடமில்லை என்பதைத் தவிர அதற்குத் தடை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

மூத்தவன் விஷயத்தில் அவ்வளவுகூடத் தேவையில்லை. அவன் ஆலையை வெறுக்கவில்லை. வேலையை விரும்பினான், அதோடு படிக்கவும் விரும்பினான். ஆலை நின்ற பிறகு தோல் பட்டைகளைத் தைக்க, வாரத்தில் சில இரவுகளுக்கு, கூலிக்கு ஒரு பெரியவரை அமர்த்தியிருந்தால் போதும்.